காலியில் பார்க்க வேண்டிய பதினொரு இடங்கள்

பழுகாமம்
9.2.1986

ஸாலிஹாவுக்கு,

நீயும் மகள் பரீனாவும் அவளுடைய வாப்பாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று மாமாங்கப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் சுகத்தை இப்போது கேட்காதே. ஏழு வருடமாக ஒரு கடிதம் போடாதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். தேவை வந்துவிட்டது, அதுதான்.

போன மாதம் பதினாறாம் திகதி, வயல் வட்டையில் வெள்ளாமைக் காவலுக்குப் போன இடத்தில் பிள்ளைகளின் அப்பாவை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துவிட்டார்கள். பிடிபட்டவர்கள் ஐந்து பேர். நாலு பேரை விட்டார்கள். அவர் வரவில்லை. வந்தவர்களில் ஒருவன் சொன்னான்: "அக்கா, அண்ணன லொறியில ஏத்தினத கண்ணால கண்டன். காலிக்குக் கிட்ட கடக்கரையில ஒரு முகாம் இருக்காம். அங்கதான் கொண்டு போறாங்களாம்." நானும் என் அண்ணன் யோகராசாவும் மட்டக்களப்பில் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஓம் என்றும் ஒருவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

காலி என்றதும் நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். தையல் வகுப்பில் இரண்டு வருடம் ஒரே மெஷினுக்குச் சண்டை பிடித்தவர்கள் நாம். இன்று நீ காலிக் கோட்டைக்குள் இருக்கிறாய், சிங்களமும் பேசுவாய். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. கைப்பிள்ளையோடு நான் எங்கே வருவது?

உன் அண்ணன் முகைதீன்பாவா நானா சாரன் வியாபாரத்துக்கு அங்கே வருகிறார் என்று காத்தான்குடியில் கேள்விப்பட்டு, இந்தக் கடிதத்தையும் ஒரு துணிப்பையையும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். பையில் எள்ளுருண்டையும் அவர் உடுக்க ஒரு சாரனும் இருக்கின்றன. அந்த முகாம் வாசலில் கொடு. உள்ளே இருக்கிற ஆளிடம் போனால், சாமானை எடுத்துக்கொண்டு வெறும் பையை அவரே கட்டி அனுப்புவாராம். அப்படி வரும் பையை நீ அவிழ்க்காதே. வந்தபடியே நானாவிடம் கொடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே.

தபாலில் எழுதும்போது இந்தக் கதை ஒன்றும் வேண்டாம், பிரித்துப் பார்க்கிறார்கள். நான் காலி பார்க்க ஆசைப்படுகிறேன், நீ இடங்களைச் சொல்கிறாய், அவ்வளவுதான். முகாமை 'அந்த இடம்' என்று எழுது.

உன்னை நம்பியிருக்கும்,
அன்னப்பூரணி


காலிக் கோட்டை
3.3.1986

என் அன்புத் தோழி அன்னப்பூரணிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். உனக்கும் பிள்ளைகளுக்கும் அவன் துணையிருப்பானாக. மகள் புஸ்பத்துக்கு எத்தனை வயது? பள்ளிக்கூடம் போகிறாளா?

காலி பார்க்க வேண்டும் என்ற உன் ஆசை கிடைத்தது. எங்கள் மாணிக்கக் கடையில் வெள்ளைக்காரருக்குக் கொடுக்கவென்று அச்சடித்த தாள் ஒன்று இருக்கிறது: 'காலியில் பார்க்க வேண்டிய பதினொரு இடங்கள்.' கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரரும் இல்லை, வியாபாரமும் இல்லை, தாள் மட்டும் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதைப் பார்த்து எழுதுகிறேன். ஒன்று, பழைய வாசல். உட்பக்கம் சேவல் சின்னம் பொறித்திருக்கும். இரண்டு, மணிக்கூட்டுக் கோபுரம். மூன்று, ஒல்லாந்தர் தேவாலயம். நிலமெல்லாம் கல்லறைக் கற்கள், மிதிக்காமல் நடக்க முடியாது. நாலு, வெளிச்சவீடு. ஐந்து, அதற்கு நேரே எங்கள் பள்ளிவாசல். வெளியூரார் பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பார்கள். ஆறு, கொடிப்பாறை, அங்கிருந்து ஆட்கள் கடலில் குதித்துக் காட்டுவார்கள். மிச்சத்தைத் தாளிலேயே பார், ஒன்றில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். பின்னேரம் நாலு மணிக்கு மேல் மதிலின் மேலே நடப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. உங்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் போல இருபது கோட்டை இதற்குள் அடங்கும்.

தாளில் இல்லாத அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்களை விடுவார்களாம். பரீனாவின் வாப்பா யோசிக்கிறார். "பொம்புள நீ, அங்க போய் ஆரு எவரு எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்? நாளைக்கு நம்மட கடைய வந்து கிண்டினா?" என்கிறார். அவரிலும் பிழை சொல்ல முடியாது. பொறு, கரைத்து விடுவேன்.

உன் கலியாணத்தில் எல்லோரும் மாப்பிள்ளையை "இராசதுரை, ராசா மாதிரி இருடா" என்று பகிடி பண்ணியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கவலைப்படாதே.

உன் பிரியமுள்ள,
ஸாலிஹா


பழுகாமம்
23.3.1986

ஸாலிஹாவுக்கு,

பரீனாவின் சுகத்தையும் அவளுடைய வாப்பாவின் மனத்தைரியத்தையும் அறிய ஆவல். இங்கே புஸ்பத்துக்கு ஏழு முடிந்துவிட்டது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. வெள்ளாமை வெட்டி முடிந்தது. ஆம்பிளை இல்லாத வட்டை என்று ஊரார் இரக்கப்பட்டு வெட்டித் தந்தார்கள். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

தபால்காரர் இப்போது பாலம் தாண்டி வருவதில்லை. களுவாஞ்சிகுடிக்குப் போய்த்தான் கடிதம் எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது பட்டிருப்புப் பாலத்துச் சென்றியில் உன் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டான் ஆமிக்காரன் ஒருவன். தமிழ் வாசிக்கத் தெரியாது. உறையில் காலித் தபால் முத்திரையைப் பார்த்தான். "காலி? ஆரு இருக்கு?" என்றான். சிநேகிதி என்றேன். "காலியில என்ன இருக்கு, சொல்லு" என்றான். தாளைத் தபால் கந்தோர் வாசலிலேயே மூன்று தரம் வாசித்திருந்தேன். ஒன்று முதல் பதினொன்று வரை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தேன். எட்டாவதில் தட்டுப்பட்டது. அவனே எடுத்துக் கொடுத்தான்: "ரேந்தை! பொம்புள நூலால பின்னுற ரேந்தை!" அவன் காலிப் பக்கத்தான். சிரித்துக்கொண்டே கடிதத்தைத் திருப்பித் தந்தான்.

புஸ்பத்திடம் அப்பா காலியில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தாளில் இருக்கும் வெளிச்சவீட்டுப் படத்தைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறாள். அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எனக்குத்தான் ஒருவரும் சொல்லக் காணோம். ஸாலிஹா, இன்னும் எத்தனை ஞாயிறு?

பதிலை எதிர்பார்க்கும்,
அன்னப்பூரணி


காலிக் கோட்டை
14.4.1986

அன்னப்பூரணிக்கு,

புஸ்பமும் தம்பியும் நோய்நொடியில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பரீனாவுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்குப் போய் வந்தேன். பையைக் கொடுத்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தது. பை திரும்பி வந்தது, நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

வெளிச்சவீட்டுப் படத்தைப் புஸ்பம் ஒட்டியிருக்கிறாளே, அவளுக்குச் சொல். அது முழு வெள்ளை நிறம். பக்கத்தில் தென்னைகள் நிற்கின்றன, அவற்றைவிட உயரம். இருட்டத் தொடங்கியதும் வெளிச்சம் சுற்றும். பள்ளிவாசலின் கண்ணாடியில் பட்டு வரும். அடியில் பாறை, பாறைக்கு அப்பால் கடல், அதற்கு அப்பால் தென்துருவம் வரை நிலமே இல்லையாம். கோட்டைக்குக் கீழே ஒல்லாந்தர் கட்டிய வாய்க்கால் இருக்கிறது; கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து ஊர் அழுக்கையெல்லாம் கழுவிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் ருமஸ்ஸல மலை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் விழுந்த துண்டு என்று சொல்கிறார்கள். நீ வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன், உங்கள் சாமிக் கதை ஆயிற்றே. ரேந்தை பின்னும் கிழவி ஒருத்தியும் இருக்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது, கை மட்டும் ஓடும்.

எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். தாள் முடிந்துவிட்டது.

உன்,
ஸாலிஹா


பழுகாமம்
4.5.1986
(நானா கையில்)

ஸாலிஹா,

எல்லோரும் சுகமென்று நினைக்கிறேன்.

நானா பையைத் தந்தார். வாய் கட்டியிருந்தது. பூமுடிச்சு. இரண்டு காதும் அளவாக, அழகாக இருந்தது.

பிள்ளைகளின் அப்பா கமக்காரன். நெல் மூட்டையோ சீனிப் பையோ, எதன் வாயைக் கட்டினாலும் ஒரே மாதிரித்தான் கட்டுவார். இடக்கைப் பழக்கம். வாயை முறுக்கி, இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி விடுவார். இழுக்க இழுக்க இறுகும். வட்டையில் அவர் கட்டிய மூட்டையை வேறு ஒருவன் அவிழ்த்ததாகச் சரித்திரம் இல்லை, கத்திதான் வைக்க வேண்டும். கலியாணம் கட்டி ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கே அது பிடிபட்டது. பையை அவிழ்க்காதே என்று நான் எழுதியது அதற்குத்தான். எதிரில் காணாவிட்டாலும், அந்த முடிச்சைக் கண்டால் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பூமுடிச்சு எங்கே பழகியது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தையல் வகுப்பில் பிலோமினா மிஸ் நம் இருவரையும் வாங்கில் ஏற்றி நிற்க வைத்துப் பழக்கியது.

ஸாலிஹா, அந்தப் பையை வாங்கியது யார்? எள்ளுருண்டை எங்கே?

அன்னப்பூரணி


பழுகாமம்
8.6.1986

ஸாலிஹாவுக்கு,

உங்களுக்கு நோன்பு முடிகிற நேரம். பெருநாள் வாழ்த்து.

ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நோன்பு என்று முதல் இரண்டு கிழமை மனதைத் தேற்றினேன். பிறகு தேற்ற முடியவில்லை. வெளிச்சவீட்டைப் பற்றி அவ்வளவு நீளம் எழுதியவளுக்கு அந்த இடத்தைப் பற்றி மூன்று வரிதான் கிடைத்தது என்றால், நான் என்ன சின்னப்பிள்ளையா?

இங்கே மாமி ஆச்சிப்பிள்ளை நேற்று வந்து என் முன்னே குந்திக்கொண்டு, "மகள், இன்னும் எத்தின நாளைக்குப் பொட்டு வைச்சுக்கொண்டு இருக்கப் போறாய்? செய்யிறதச் செய்வம். அவன்ட உசிராவது தவியாம இருக்கட்டும்" என்றா. பெற்றவளே சொல்லுகிறா. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் பிதிர்க்கடன் கொடுப்பதாக நாள் வைத்துவிட்டார்கள். அதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும்.

இல்லை என்றால் இல்லை என்று எழுது. பார்க்கும் இடங்களைப் பற்றி இனி எழுதாதே.

அன்னப்பூரணி


காலிக் கோட்டை
22.6.1986
(நானா கையில்)

அன்னப்பூரணி,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. என்றாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

நான் பொய் எழுதினேன். அன்றைக்கு அந்த வாசலில் மூன்று மணித்தியாலம் நின்றேன். ஒரு மேசை, பெயர்கள் எழுதிய பெரிய கொப்பி, அதற்குப் பின்னால் ஓர் ஆள். ஆரைப் பார்க்க என்றார். இராசதுரை, பழுகாமம், மட்டக்களப்பு என்றேன். கொப்பியில் மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு போனார். திரும்பவும் ஒருமுறை போனார். "அப்படி ஆள் இல்லை" என்றார். எனக்குப் பக்கத்தில் ஒரு தாய் அதே பதிலைக் கேட்டுவிட்டு நிலத்திலேயே குந்திவிட்டா. கொப்பியில் இல்லாத ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும்.

பையோடு திரும்பி வந்தேன். இல்லை என்று எழுதப் பேனையைத் தூக்கினேன், கை போகவில்லை. ஒரு மாதமாவது நீ நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சாரன் அலுமாரியில் இருக்கிறது. எள்ளுருண்டையைத் தின்னவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

பெருநாள் முடிந்த ஞாயிறு பரீனாவின் வாப்பாவும் என்னோடு வந்தார். அவரே சிங்களத்தில் கேட்டார். இராசதுரை என்று ஒருவரும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்சில் அவர் அழுதார். உன்னை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

என்னை மன்னிக்காவிட்டாலும் ஒரு வரி எழுது.

ஸாலிஹா


பழுகாமம்
9.7.1986

என் ஸாலிஹாவுக்கு,

நீ, பரீனா, அவளுடைய வாப்பா மூவரும் நூறு வருடம் சுகமாயிருக்க வேண்டும். என்னை மன்னிக்க வேண்டியவள் நீதான்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. யோகராசா அண்ணன் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பவும் எடுத்து வாசித்தேன். 'இராசதுரை, பழுகாமம், மட்டக்களப்பு என்றேன்' என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

ஸாலிஹா, அது ஊர் கூப்பிடும் பெயர். மாமிக்கு முதல் இரண்டு ஆண் பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதுக்குப் பதிவில் ஒரு பெயரை வைத்துவிட்டு, கண்ணூறு படாமலிருக்க வேறு பெயரால் கூப்பிட்டார்கள். ஊரெல்லாம் இராசதுரைதான். அடையாள அட்டையில் அது இல்லை. மட்டக்களப்பில் நாங்கள் அலைந்தபோது பெயரையும் அட்டை இலக்கத்தையும் அண்ணன்தான் சொன்னார், நான் பக்கத்தில் வாய்மூடி நின்றேன். உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலாவது அவருடைய பெயர் இருக்கிறதா, பார். பிள்ளைகளின் அப்பா, அவர், இவர். புருசன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தா. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதும் இல்லை. புஸ்பத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் மாமாதான் எழுதிக் கொடுத்தார். நீயும் பரீனாவின் வாப்பா என்றே எழுதுகிறாய், அதனால் உனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் ஆயுளைக் காப்பாற்றுகிறேன் என்று நான்தான் அவரை அந்தக் கொப்பியில் இல்லாமல் பண்ணினேன்.

என் புருசன் பெயர் வினாயகமூர்த்தி. தகப்பன் பெயர் அழகரத்தினம். அழகரத்தினம் வினாயகமூர்த்தி. பழுகாமம். வயது முப்பத்தாறு. எழுத்துக் கோணியிருந்தால் இதோ இன்னொரு தரம்: வினாயகமூர்த்தி.

நானா வரும்வரை பொறுக்க முடியாது. ஆடி அமாவாசைக்கு நாள் கிட்டுகிறது. தபாலிலேயே போடுகிறேன். பிரிக்கிறவர்கள் பிரித்து வாசிக்கட்டும். அவர்களாவது அந்தப் பெயரைச் சரியாக வாசிக்கட்டும்.

அன்னப்பூரணி


காலிக் கோட்டை
21.7.1986

அன்னப்பூரணிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதை வாசிக்க முதல் ஓரிடத்தில் குந்திக்கொள்.

நேற்று ஞாயிறு. நீ எழுதிய பெயரைத் துண்டில் எழுதி, வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அதே மேசை, அதே ஆள், அதே கொப்பி. விரல் போனது. முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பக்கத்தில் பாதியில் விரல் நின்றது. "இருக்கிறார்" என்றார். அவருக்கு அது ஒரு சொல். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

சாரனையும் நான் புதிதாகப் பிடித்த எள்ளுருண்டையையும் பையில் போட்டுக் கொடுத்தேன். உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணித்தியாலம் ஆயிற்று. எங்கள் தாளில் இருக்கும் பதினொரு இடத்தையும் மனதுக்குள் சுற்றி வந்தேன், அப்படியும் பை வரவில்லை. பிறகு வந்தது.

உன்னிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன். நான் அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. பரீனாவின் வாப்பா பல்லால் கடித்துப் பார்த்தார், அவருக்கும் முடியவில்லை. "இதென்ன முடிச்சு, கப்பல் கட்டுற முடிச்சா?" என்று ஏசினார். ஏசிவிட்டுச் சிரித்தார். நானா நாளைக் காலை ரயிலில் வருகிறார், கடிதமும் பையும் அவர் கையில்தான்.

மனைவி வந்தால் ஆளையே காட்டுவார்களாம், விசாரித்துவிட்டேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன்.

ஸாலிஹா


பழுகாமம்
27.7.1986

ஸாலிஹாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இந்தச் சொல்லை இந்த வருடத்தில் முதல்முறையாக உண்மையாக எழுதுகிறேன்.

பையைக் கொண்டுபோய் மாமியின் மடியில் வைத்தேன். அவ முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்தா. "என்ட புள்ளட கை" என்றா. பிதிர்க்கடன் பேச்சு நின்றுவிட்டது. நான் இன்னும் அவிழ்க்கவில்லை. எனக்கு அவிழ்க்கத் தெரியும், ஆனால் அவிழ்த்தால் வெறும் பை. அப்படியே கொண்டு வருகிறேன்.

ஆவணி முதல் ஞாயிறுக்கு அங்கே இருப்பேன். நானாவும் மனைவி ஸஹீதாவும் கூட வருகிறார்கள். புஸ்பம் வெளிச்சவீட்டுப் படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டாள். வெளிச்சவீடு, மலை, ரேந்தைக் கிழவி எல்லாம் இருக்கட்டும். அவர் வெளியே வந்த பிறகு நாலு பேருமாகப் பார்ப்போம். இந்த முறை எனக்கு ஒரே இடம்தான்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. அந்த மேசையில் ஆரைப் பார்க்க என்று கேட்பார்களே, நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு நாளும் விடிய வாவிக்கரையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று சொல்லிப் பழகுகிறேன். முதல் நாள் காற்றுத்தான் வந்தது. நேற்றுச் சத்தமாகவே வந்துவிட்டது. பின்னால் புஸ்பம் நின்றதை நான் காணவில்லை. "அம்மா அப்பாட பேர் சொல்லிப்போட்டா!" என்று கை தட்டினாள்.

பாலத்துச் சென்றியில் காலிக்கு ஏன் போகிறாய் என்று கேட்டால், இனிப் பதினொரு இடத்தை ஒப்புவிக்க மாட்டேன். என் புருசன் வினாயகமூர்த்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்வேன்.

வருகிறேன்,
அன்னப்பூரணி வினாயகமூர்த்தி